தூரமும் நேரமும்: வீதியோட்டக் கதிக்கணிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1770ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜேம்ஸ் பரொட் எனும் காய்கனி விற்பவர் இலண்டன் மாநகரில் சாட்டர்ஹவுஸ் மதிலிலிருந்து சோர்டிச் தேவாலய வாயில்வரை பந்தயப் பணத்துக்காக ஓடினார் என்றும், ஒரு மைல் எனக் கருதப்பட்ட அவ்வீதித் தூரத்தை நான்கு நிமிடத்தில் கடந்தார் என்றும் அந்நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த விளையாட்டுச் சஞ்சிகையொன்று குறித்துள்ளது. றொஜர் பனிஸ்ரர் ஒக்ஸ்போட்டில் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஒரு மைல் ஓடி உலகை வியப்பிலாழ்த்தியது 1954ஆம் ஆண்டு மே 6ஆந் திகதியாகும். ஆகவே, ஏறத்தாழ நூற்றெண்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தெரு வியாபாரி அவரைத் தொட்டுவிட்டாரா என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர் பரொட்டின் கால்வலிமையைப் பற்றி அதிகம் வாதிடுவதில்லை. அன்று அத்தெரு எவ்வாறு அளக்கப்பட்டது, எந்த மூலையிலிருந்து எந்த மூலைவரை, கடிகாரத்தைப் பிடித்திருந்தவர் யார் என்பனவே அவர்களது வினாக்கள். ஓட்டக்காரனின் கதி எனப்படுவது அவனுடைய உடலுக்கு மாத்திரம் உரிய பண்பன்று. நம்பத்தகுந்த தூரமும் நம்பத்தகுந்த நேரமும் இருந்தாலன்றி அது வெறும் கதையே. வீதியோட்டத்தில் ஒருவன் தான் எக்கதியில் ஓடவேண்டும் என முற்கூட்டியே கணித்துக்கொள்ளும் கலை எவ்வாறு உருவாயிற்று என்பதை இந்நோக்கிலேயே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதலிற் சொல்லொன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். பௌதிகவியலிற் கதி எனும்போது ஒரு செக்கனிற் கடந்த தூரத்தைக் கருதுகின்றோம். ஓட்டக்காரரின் வழக்கு இதற்குத் தலைகீழானது. ஒரு கிலோமீற்றரைக் கடக்க எத்தனை நிமிடம், எத்தனை செக்கன் என்பதே அவர்களது அளவு. எண் சிறிதாக ஆக ஓட்டம் விரைவாகும். இக்கட்டுரையில் ஓட்டக்கதி என்பது இப்பொருளிலேயே ஆளப்படுகின்றது. இத்தலைகீழ் வழக்கு தற்செயலானதன்று. மைற்கல்லோ அடையாளக் கம்போ வரும்போதுதான் ஓட்டக்காரன் தன் கடிகாரத்தைப் பார்க்கிறான். தூரம் நிலையாக நிற்க, நேரமே அவன் கையில் மாறுகின்றது.

முற்கூட்டிய கணிப்புக்குத் தெளிவான பழைய உதாரணங்களுள் ஒன்று வால்ரர் ஜோர்ஜ் எனும் ஆங்கிலேயருடையது. மருந்தகமொன்றிற் பயிலுநராக இருந்த இவர், 1878 அளவில், இருபது வயதளவிலேயே, ஒரு மைலை 4 நிமிடம் 12 செக்கனில் ஓடலாம் எனத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். கால் மைல்கள் நான்கையும் முறையே 59, 63, 66, 64 செக்கன்களில் ஓடவேண்டும் என்பது அவரது திட்டம். அக்காலச் சாதனைகளை அறிந்தோருக்கு அது நகைப்புக்கிடமாகவே தோன்றியிருக்கும். ஆயினும் 1886 ஓகஸ்ற் 23ஆந் திகதி இலண்டன் லிலி பிறிட்ஜ் மைதானத்தில், வில்லியம் கமிங்ஸ் எனும் தொழில்முறை ஓட்டக்காரருக்கு எதிராக, ஜோர்ஜ் 4 நிமிடம் 12¾ செக்கனில் அத்தூரத்தை முடித்தார். எட்டாண்டுகளின் முன் எழுதிய திட்டத்திலிருந்து முக்காற் செக்கனே பிழைத்தது. அந்நேரத்தை நோர்மன் ரேபர் எனும் அமெரிக்கர் 1915இல் 4 நிமிடம் 12.6 செக்கனில் ஓடி முறியடிக்கும்வரை அது நிலைத்திருந்தது. ஜோர்ஜின் திட்டத்திற் கவனிக்கவேண்டியது அதன் வடிவமாகும். முதற் காற்பங்கு மிக விரைவாகவும் மூன்றாவது மிக மெதுவாகவும் அமைந்துள்ளன. உடல் எவ்வாறு களைக்கும் என்பதை அவர் அனுபவத்தால் ஊகித்தாரேயன்றி, அதற்கொரு விதியை அவர் அறிந்திருக்கவில்லை.

விதியைத் தேடியவர் ஓட்டக்காரரல்லர், மின்பொறியியலாளர் ஒருவர். பம்பாய்க்கு அண்மையிலுள்ள கொலாபாவில் 1861இற் பிறந்து, எடிசனிடம் பணிபுரிந்து, பின்னர் வானொலி அலைகளைத் திருப்பும் வளிமண்டலப் படைக்குத் தம் பெயரை ஈந்த ஆர்தர் கென்னலியே அவராவார். 1906இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஓடும் மனிதர், நடக்கும் மனிதர், பந்தயக் குதிரைகள், துடுப்பு வலிப்போர் முதலிய பலரது சாதனை நேரங்களையும் தூரங்களையும் மடக்கை வரைபிற் குறித்தபோது, அவை யாவும் ஏறக்குறைய ஒரே சரிவுடைய நேர்கோடுகளாக விழுந்ததைக் கண்டார். நேரம் தூரத்தின் எட்டில் ஒன்பது எனும் சுட்டிக்கு விகிதசமமாக வளர்கிறது என்பது அவரது விதி. தூரம் இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்காவதில்லை, 2.18 மடங்காகின்றது, அந்த 0.18 களைப்பின் விலை எனலாம். குதிரையையும் மனிதனையும் ஒரே கோட்டில் நிறுத்தும் துணிவு ஒரு பொறியியலாளருக்கே வரும். உடற்றொழிலியலாளர் ஒருவர் அத்துணிவைக் கொண்டிருப்பாரோ என்பது ஐயம். எனினும் அவரது அணுகுமுறையின் பயன் பெரிது. களைப்பு என்பது மனத்திட்பம் பற்றிய அறவுரைக்குரிய பொருள் என்ற நிலை மாறி, அளக்கத்தக்க ஒரு கணியமாயிற்று.

உடலுக்குள் நிகழ்வதை விளக்க முனைந்தவர் நோபல் பரிசு பெற்ற ஆங்கில உடற்றொழிலியலாளர் ஏ. வி. ஹில் ஆவார். 1925இல் மெய்வல்லுநர் சாதனைகளின் உடற்றொழிலியல் அடிப்படை பற்றி அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். உள்ளெடுக்கும் ஒட்சிசனால் ஈடுசெய்ய முடியாத உழைப்பைத் தசைகள் ஒரு கடனாகப் பெறுகின்றன என்றும், அக்கடனுக்கு ஓர் எல்லை உண்டு என்றும் அவர் கருதினார். கதி கூடும்போது ஒட்சிசன் தேவை மிகக் கூர்மையாக உயர்கிறது, எனவே சீரான கதியே சிக்கனமானது என்பது அவரது முடிவு. பிற்காலத்தில், குறிப்பாக மார்கரியாவும் உடனாய்வாளரும் 1963இல் வெளியிட்ட அளவீடுகளில், சமதரையில் ஒரு கிலோமீற்றரை ஓடுவதற்கான சக்திச் செலவு கதியோடு அதிகம் மாறுவதில்லை எனத் தெரியவந்தது. ஆகவே ஹில் கூறிய காரணத்தைத் திருத்தியே ஏற்கவேண்டியுள்ளது. ஆயினும் கடன் எல்லையுடையது என்ற கருத்தின் சாரம் நிலைத்தது. தொடக்கத்திலேயே அதை வாங்கிச் செலவழிப்பவன் இடைவழியில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க நேரிடும்.

ஹில் ஆய்வுகூடத்திற் கண்டதை ஓடுபாதையில் நிகழ்த்திக் காட்டியவர் போல் அமைந்தார் பின்லாந்து வீரர் பாவோ நூர்மி. கையில் நிறுத்தற் கடிகாரத்தை ஏந்தி, சுற்றுக்குச் சுற்று அதைப் பார்த்தபடி அவர் ஓடினார். எதிராளிகள் அவருக்கு இரண்டாம்பட்சமே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீற்றரையும் 5000 மீற்றரையும் ஒரே நாளில், ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட இடைவெளியில் வென்றமைக்கு அவரது உடல்வலி எத்துணை காரணமோ, அத்துணை காரணம் அக்கடிகாரமும் ஆகும் என்பது எனது கருத்து. எவ்வளவு செலவழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் கூறிவைத்தல் தகும். சீரான கதி நேரத்தை வெல்லுமேயன்றி எதிராளியை எப்போதும் வெல்வதில்லை. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக் 10000 மீற்றரில் சோவியத் வீரர் விளாடிமிர் கூற்ஸ், திடீரென விரைந்தும் திடீரெனத் தளர்ந்தும் ஓடி, தம்மை நிழல்போற் பின்தொடர்ந்த கோர்டன் பிரியை உருக்குலைத்தார். கூற்ஸ் 28 நிமிடம் 45.6 செக்கனில் வென்றார். பிரி எட்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். ஆனால் இது வீரர் இருவரின் போர். நூற்றுக்கணக்கானோர் ஓடும் வீதியோட்டத்திற் பெரும்பாலோருக்கு எதிராளி தமது பழைய நேரமேயாதலால், அவர்களுக்கு நூர்மியே ஆசான்.

வீதியோட்டத்துக்குரிய சிக்கல் இனிமேற்றான் தொடங்குகின்றது. ஓடுபாதை 400 மீற்றர் எனில் அது எங்கும் 400 மீற்றரே. வீதி அவ்வாறன்று. மரதன் ஓட்டத்தின் தூரமே 1912 ஸ்ரொக்ஹோமில் 40.2 கிலோமீற்றராகவும் 1920 அன்ற்வேர்ப்பில் 42.75 கிலோமீற்றராகவும் இருந்தது. 1908 இலண்டன் போட்டியில் அமைந்த 42.195 கிலோமீற்றர் 1921இலேயே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அளவு நிலைபெற்ற பின்னரும் அவ்வளவுக்கு வீதியை அமைப்போர் மோட்டார் வாகனத்தின் தூரமானியையோ நகரப் படத்தையோ நம்பியிருந்த இடங்கள் பல. இத்தகைய தூரத்தில் ஓடிப் பெற்ற நேரத்தைக் கொண்டு அடுத்த போட்டிக்கான கதியைக் கணிப்பது மணலிற் கட்டிய வீடாகவே முடியும்.

இந்நிலையை மாற்றியது ஓர் எளிய துவிச்சக்கரவண்டி. உருக்கு நாடாவால் நேராக அளந்த ஒரு தூரத்தில் வண்டியை ஓட்டிச் சில்லின் சுழற்சிகளை எண்ணி, பின் அதே எண்ணிக்கையைக் கொண்டு போட்டி வீதியை அளக்கும் முறையை இங்கிலாந்தில் ஜோன் ஜுவெல் 1961இல் வெளியிட்ட குறிப்புகளில் நன்கு ஆராய்ந்து நிலைநாட்டினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மரதனில் ஓடிய கறுப்பின அமெரிக்கரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளருமான ரெட் கோர்பிற், 1964இல் அதனை ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகஞ் செய்தார். 1971இல் அலன் ஜோன்ஸ் எனும் பொறியியலாளர் அச்சில்லில் பொருத்தும் எண்ணியொன்றை ஆக்கினார். வெயில் ஏறினால் ரயரின் காற்று விரிந்து சில்லின் சுற்றளவு மாறுமாதலால், அளவீட்டுக்கு முன்னும் பின்னும் வண்டியை மீளச் சரிபார்க்க வேண்டும் என்பதுவரை அம்முறை நுணுகிச் சென்றது. வளைவுகளில் ஓட்டக்காரன் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியே, அதாவது விளிம்பிலிருந்து 30 சதமமீற்றர் தள்ளி, அளக்கப்படுகின்றது. தவறியும் வீதி குறைந்துவிடாதிருக்க ஆயிரத்துக்கு ஒன்று வீதம் தூரம் கூட்டப்படுகின்றது. 5 கிலோமீற்றருக்கு இது 5 மீற்றராகும்.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா எனக் கேட்போருக்கு 1981 நியூயோர்க் மரதன் விடை கூறும். அவ்வாண்டு ஒக்ரோபர் 25ஆந் திகதி அல்பேட்டோ சலசார் 2 மணித்தியாலம் 8 நிமிடம் 13 செக்கனில் ஓடி, டெறிக் கிளேற்றனின் 1969ஆம் ஆண்டு நேரமான 2:08:33.6ஐ முறியடித்தார் என உலகம் கொண்டாடியது. சில ஆண்டுகளின் பின் அவ்வீதி மீள அளக்கப்பட்டபோது அது ஏறத்தாழ 148 மீற்றர் குறைந்திருந்தமை தெரியவந்தது. சலசாரின் கதியிற் கணித்தால் 148 மீற்றர் 27 செக்கனுக்குச் சமம். அவர் முறியடித்ததாகக் கருதப்பட்ட இடைவெளியோ 20 செக்கன். கிளேற்றன் ஓடிய அன்ற்வேர்ப் வீதியின் தூரத்தைப் பற்றியும் நெடுங்கால ஐயமுண்டு என்பது இதனிலும் வேடிக்கையானது. சலசார் மீது எக்குற்றமும் இல்லை. அவர் ஓடினார், வீதிதான் முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை.

அளவீட்டுத் துறையிற் பின்னாளில் அமெரிக்காவின் முன்னணியாளராக விளங்கிய பீற்றர் றீகல் எனும் பொறியியலாளரே கதிக்கணிப்பின் பிரபலமான சூத்திரத்தையும் தந்தவர் என்பதைத் தற்செயல் எனக் கொள்ள மனம் வரவில்லை. தூரத்தை நம்பத் தொடங்கியவருக்கே நேரத்தை முன்னறிவிக்கும் ஆசை எழும். 1970களில் அமெரிக்காவில் வீதியோட்டம் ஒரு மக்கள் இயக்கமாயிற்று. அலுவலக ஊழியரும் ஆசிரியரும் இல்லத்தரசிகளும் ஒரு தூரத்தை ஓடிவிட்டு, அடுத்த தூரத்தில் எந்நேரம் எதிர்பார்க்கலாம் என அறிய விரும்பினர். 1977இல் ஓட்டக்காரர் சஞ்சிகையொன்றிலும், விரிவாக 1981இல் விஞ்ஞான இதழொன்றிலும் றீகல் அவர்களுக்கு விடையளித்தார். தெரிந்த நேரத்தை, புதிய தூரத்துக்கும் பழைய தூரத்துக்கும் உள்ள விகிதத்தின் 1.06 எனும் சுட்டியாற் பெருக்குக என்பதே அதன் சுருக்கம். வடிவத்தில் இது கென்னலியின் விதியே. சுட்டி மாத்திரம் 1.125இலிருந்து 1.06ஆகக் குறைந்துள்ளது. கென்னலி குறுந்தூர ஓட்டம் முதல் நெடுந்தூரம் வரை யாவற்றையும் ஒரே கோட்டில் அடக்க முயன்றார். றீகலோ தமது விதி ஏறத்தாழ மூன்றரை நிமிடம் முதல் 230 நிமிடம் வரையிலான ஓட்டங்களுக்கே பொருந்தும் என எல்லை வகுத்தார். இவ்வடக்கமே அச்சூத்திரத்தின் பலம்.

சூத்திரத்தை வரலாற்றோடு உரைத்துப் பார்க்கலாம். நூர்மி 1924 யூன் மாதத்தில் 5000 மீற்றரை 14 நிமிடம் 28.2 செக்கனில் ஓடினார். தூரம் இரட்டிக்கும்போது றீகலின் பெருக்கம் 2.085. எனவே 10000 மீற்றருக்கு 30 நிமிடம் 10 செக்கன் எதிர்பார்க்கலாம். அதே ஆண்டு ஓகஸ்றில் குவோப்பியோவில் அவர் ஓடிய நேரம் 30 நிமிடம் 6.2 செக்கன். உகண்டாவின் ஜோசுவா செப்ரேகி 2020 ஓகஸ்றில் 5000 மீற்றரை 12 நிமிடம் 35.36 செக்கனில் ஓடினார். சூத்திரம் தரும் 10000 மீற்றர் நேரம் 26 நிமிடம் 15 செக்கன். அவ்வாண்டு ஒக்ரோபரில் அவர் ஓடியது 26 நிமிடம் 11 செக்கன். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில், நிலக்கரிச் சாம்பற் பாதையிலும் செயற்கைப் பாதையிலும், வெறுங்கடிகாரத்தோடும் பாதையோரம் ஒளிர்ந்து முன்செல்லும் விளக்குகளோடும் ஓடிய இருவரிடத்தும் பிழை நான்கு செக்கனளவே. 1954இல் இரண்டே நாள் இடைவெளியில் 13:57.2, 28:54.2 என ஓடிய எமில் சற்றோப்பெக்கிடம் சூத்திரம் 11 செக்கன் பிழைக்கின்றது. அவர் நெடுந்தூரத்துக்கே பிறந்தவர் என்பதையே அப்பிழை காட்டுகின்றது. சுட்டி எல்லார்க்கும் பொதுவன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உண்டு.

இன்னுமொரு குறைபாட்டையும் மறைத்தல் ஆகாது. சாதனைகளிலிருந்து விதி பிறக்குமாயின், சாதனை நிகழ்த்த வாய்ப்பளிக்கப்படாதோர் அவ்விதியில் இடம்பெறார். ஒலிம்பிக்கில் மகளிருக்கு மரதன் 1984இலும், 10000 மீற்றர் 1988இலும், 5000 மீற்றர் 1996இலுமே வழங்கப்பட்டன. 1970களில் மகளிரின் நேரங்கள் வரைபிற் சரிவாக விழுந்திருந்தால் அதற்கு அவர்களது உடலைக் காரணங்காட்டுவது அவசர முடிபாகும். ஓட விடாமைக்கும் அதிற் பங்குண்டு. ஜாக் டானியல்ஸ், ஜிம்மி கில்பேட் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஒட்சிசன் அட்டவணைகள், ஓடியவர் யாராயினும் அவருடைய ஒரு போட்டி நேரத்திலிருந்தே பிற தூரங்களின் நேரத்தைத் தந்தன. இவ்வகையில் அவை பயனுடையன.

இனி, நமது பல்கலைக்கழக மாணவனொருவன் 5 கிலோமீற்றர் வீதியோட்டத்துக்குத் தன்னை ஆயத்தஞ் செய்கிறான் எனக் கொள்வோம். மைதானத்தில் 3000 மீற்றரை 11 நிமிடத்தில், அதாவது கிலோமீற்றருக்கு 3 நிமிடம் 40 செக்கனாக ஓடியுள்ளான். அக்கதியையே வீதியிலும் பேணலாம் என நம்பினால் 18 நிமிடம் 20 செக்கன் கிடைக்கும், அது பேராசை. கென்னலியின் விதிப்படி 19 நிமிடம் 32 செக்கன். அது மிகுந்த அச்சம். றீகலின்படி 18 நிமிடம் 54 செக்கன். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 47 செக்கன். ஆகவே அடையாளக் கம்புகளில் அவன் காணவேண்டிய நேரங்கள் 3:47, 7:34, 11:21, 15:07 என அமையும். மைதானத்தில் பழகிய 3:40 அவனுக்கு இலகுவாகவே தோன்றும். முதற் கிலோமீற்றரில் ஏனையோர் விரைந்து செல்லும்போது அந்த ஏழு செக்கனை அடக்கி வைப்பதே கடினமான பகுதி. 5000, 10000 மீற்றர் உலக சாதனைகளை 2006இல் ஆராய்ந்த டக்கர், லம்பேட், நோக்ஸ் ஆகியோர், முதற் கிலோமீற்றரும் இறுதிக் கிலோமீற்றரும் இடைப்பகுதியிலும் விரைவானவை எனக் கண்டனர். சாதனையாளரும் முற்றிலும் சீராக ஓடுவதில்லை என்பது இதனாற் புலனாகும். ஆயினும் அவர்களது தொடக்க விரைவு அளந்து எடுத்த விரைவு.

வீதி ஏறியிறங்குமாயின் இவ்வெண்கள் தளர வேண்டும். ஏற்றத்தில் இழக்கும் நேரம் அதே இறக்கத்தில் முழுமையாக மீள்வதில்லை. இறக்கத்திற் பாதத்தைத் தடுத்து நிறுத்துவதற்கும் தசைகள் உழைக்க வேண்டியுள்ளன. நமது நாட்டின் வெப்பமும் ஈரப்பதனும் இன்னுஞ் சில செக்கன்களைக் கேட்கும். கதியை அதிகாலையிற் கணித்தவன் பிற்பகலில் ஓடுவானாயின், சுட்டியை மாற்றுவதைவிட எதிர்பார்ப்பை மாற்றுவது நல்லது.

இறுதியாகத் தூரம். 5 கிலோமீற்றர் என விளம்பரஞ் செய்த வீதி உண்மையில் 4.9 கிலோமீற்றராக இருந்தால், நம் மாணவன் 18 நிமிடம் 31 செக்கனில் முடித்துத் தன்னை மறந்து மகிழ்வான். அந்நேரத்தைக் கொண்டு அடுத்த மாதத்து 10 கிலோமீற்றர் ஓட்டத்துக்குக் கதி வகுத்தால், 23 செக்கன் பிழை அங்கே 47 செக்கனாக வளர்ந்து நிற்கும். இன்று மணிக்கட்டிற் செய்மதிக் கடிகாரம் கட்டிய ஓட்டக்காரர் பலர், சரியாக அளந்த வீதியின் முடிவிலே தமது கடிகாரம் 5.05 கிலோமீற்றர் எனக் காட்டுவதைக் கண்டு ஒழுங்கமைப்பாளரோடு வாதிடுகின்றனர். பெரும்பாலும் வீதி சரியாகவே இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையில் செய்மதிச் சமிக்ஞை தடுமாறுகின்றது. வளைவுகளில் அவர்களும் விளிம்பை விட்டு அகன்றே ஓடியிருக்கின்றனர். கடிகாரம் ஒரு கிலோமீற்றர் முடிந்தது என ஒலிக்கும் இடத்துக்கும் அடையாளக் கம்பு நிற்கும் இடத்துக்கும் முதற் கிலோமீற்றரிலேயே பத்து மீற்றர் வேறுபாடு இருக்குமாயின், கம்பில் நேரத்தைப் பார்ப்பவனே தன் 3:47ஐச் சரியாக அறிவான்.